மாரியில் வீட்டுக்குள் மரக்கறி: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: அக்கா, இலண்டனில் இருக்கும் என் அண்ணா குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே விளக்கு வைத்துத் தக்காளி வளர்த்துப் படம் அனுப்புகிறார். இங்கே கார்த்திகை பிறந்தால் எங்கள் வளவில் ஒரு கொச்சிக்கன்றுகூட மிஞ்சுவதில்லை. முகநூலில் '1000 வாட் செடி வளர்ப்பு விளக்கு' என்று ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. வாங்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: வேண்டாம், தங்கச்சி. அந்தக் காசை இந்த ஆண்டு ஒரு கூரைத் துண்டுக்குச் செலவழியுங்கள்.

அண்ணாவின் ஊரில் மார்கழியில் பகல் எட்டு மணித்தியாலம்தான். வெளியே வைத்தால் கன்று உறைந்துவிடும். வெளிச்சம், வெப்பம் இரண்டையும் அவர் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறைவதில்லை. செடி நடுங்கும் அளவுக்குக் குளிரும் இல்லை. நம் கன்றுகள் வேறு காரணங்களால் சாகின்றன. வேரடியில் தண்ணீர் தேங்குகிறது, மழை பூவை அடித்துக் கொட்டுகிறது, இலை ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கிறது, வாடைக்காற்று தண்டை முறிக்கிறது. ஆயிரம் வாட் விளக்கு இவற்றில் எதைத் தடுக்கும்?

உங்கள் வீட்டில் தெற்குப் பார்த்த விறாந்தையோ தாழ்வாரமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாரி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மார்கழி நண்பகலில்கூட உச்சியிலிருந்து முப்பது பாகை அளவு விலகித் தெற்கே நிற்கும். மழையும் காற்றும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. ஆகவே தெற்கு விறாந்தையில் மழை விட்ட நேரமெல்லாம் வெயில் உள்ளே விழும்; சாரல் அவ்வளவாக அடிக்காது. காசு கேட்காத இந்த இடத்தைப் பழைய கதிரையும் சைக்கிளும் பிடித்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அப்படி ஓர் இடம் இல்லையென்றால் தெற்குச் சுவரோடு சேர்த்து நாலு கம்பு நட்டு, மேலே ஒளி புகும் கூரைத் தகடோ பொலித்தீனோ போடலாம். பொலித்தீன் வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். சாதாரணப் பொலித்தீன் சில மாத வெயிலிலேயே மொரமொரத்துக் கிழிந்துவிடும். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி, எதற்குப் பயந்து மூடினோமோ அந்தப் பூஞ்சணமே வந்து சேரும். புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனைக் கழற்றிவிட்டுச் சாடிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

சாடிக்கென்று தனியாகச் செலவு வேண்டாம். வெற்று உரப்பையைப் பாதியாக வெட்டி, அடியிலும் பக்கவாட்டில் இரண்டு விரல் உயரத்திலும் துளையிட்டு, செங்கல் மேல் வையுங்கள். கொச்சிக்காய், கத்தரி, தக்காளிக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். அவற்றை விளிம்பில் வையுங்கள். கீரை, பொன்னாங்காணி, வல்லாரைக்கு அதில் பாதி போதும். அவை உள்ளே இருக்கட்டும்.

அந்த விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஏமாற்று பல விளம்பரங்களில் இருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். அதோடு வரும் அடப்டரில் '12 வோல்ட், 2 அம்பியர்' என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட். யூ.எஸ்.பி.யில் செருகும் வகை பெரும்பாலும் 10 வாட்டைத் தாண்டாது. ஒரு தட்டு நாற்றுக்கு அந்த வெளிச்சம் போதும். காய்க்கிற கொச்சி மரத்துக்குப் போதாது. 24 வாட் விளக்கைத் தினமும் 12 மணித்தியாலம் எரித்தால் மாதம் ஏறக்குறைய 9 அலகு மின்சாரம் போகும். இப்போது உங்கள் வீட்டில் 55 அலகு எரிகிறது என்றால் அது 60ஐத் தாண்டிவிடும். அங்கே கட்டண வகுப்பே மாறுகிறது என்பதை உங்கள் பழைய மின்பட்டியல்களை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: கட்டியாக அழுத்திய தும்புச்சோறு 5 கிலோ வாங்கி, அதிலேயே வெண்டியும் கத்தரியும் நட்டேன். மூன்று வாரத்தில் இலை நுனி கருகி நின்றுவிட்டன. கடைக்காரர் 'மண்ணே தேவையில்லை' என்றுதான் சொன்னார். (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஐயா, இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கக்கூடும். உவர்நீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்த தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். நுனி கருகுவது அதனால் இருக்கலாம். அடுத்தது, தும்புச்சோற்றில் சத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எருவோ உரமோ இல்லாமல் கன்று எதைத் தின்னும்?

இனி வாங்கும்போது 'கழுவியது, உப்புக் குறைந்தது' என்று பொதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தேநீர் நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். 5 கிலோக் கட்டி நனைந்தால் அறுபது லீற்றருக்கு மேல் பொங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டி தாராளம். மாரியில் நான் தும்புச்சோற்றை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. மீதி மக்கிய எருவும் ஆற்று மணலும். கடல் மணல் கூடாது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கலப்பினத் தக்காளி விதை ஒன்றும் முளைக்கவில்லை. 'விதைக்கு உத்தரவாதம் இல்லை' என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: தம்பி, எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. கடையில் பற்றுச்சீட்டு வாங்காமல் வந்திருந்தேன், பொதியையும் எறிந்துவிட்டேன். கேட்பதற்கு என் கையில் எதுவும் இருக்கவில்லை. உங்களிடம் பொதி, பணம் செலுத்திய சான்று, விளம்பரத்தின் படம் மூன்றும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 1977 என்ற இலக்கத்திலும் பேசலாம்.

அடுத்த தடவை பொதியில் இனத்தின் பெயர், தொகுதி இலக்கம், முளைதிறன் சதவீதம், காலாவதித் திகதி எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் வண்ணப்படம் மட்டும் போட்ட பொதியைத் தொடவே வேண்டாம். கொண்டுவந்த அன்றே இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தக்காளி ஒரு வாரத்திலும் கொச்சி பத்து நாளிலும் காட்டிக்கொடுத்துவிடும். பதினைந்துக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் விதை கிடைக்குமா என்பதையும் முதலில் விசாரியுங்கள். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எந்த இனம் நம் பகுதிக்கு ஏற்றது என்று தமிழிலேயே கேட்கலாம்.

கேள்வி: மண்ணில்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கும் பெட்டி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். (வாசகி, காத்தான்குடி)

பதில்: சகோதரி, மீன் வரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி, மூடியில் துளையிட்டு, அல்பேட் கரைசல் (தண்ணீரில் கரைக்கும் உரக் கலவை) ஊற்றினாலே கங்குன் நன்றாக வரும். விலை கூடிய பெட்டி செய்வதும் அதையேதான்.

ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மாரிதான் நம் பகுதியில் டெங்கு பரவும் காலம். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பு முழுதாக வளர்ந்து பறந்துவிடும். மூடி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். செடி நிற்கும் துளையைப் பஞ்சால் அடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுகளுக்கும் இதே கவனம் தேவை. நுளம்பு பெருக இடம் விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும். வாரம் ஒருமுறை பார்க்க நேரம் இல்லையென்றால் தண்ணீர்ப் பெட்டி வேண்டாம், மண்ணிலேயே நடுங்கள்.

கேள்வி: மூன்று வேலை செய்யும் மண் பரிசோதனைக் கருவி, பற்றரியே தேவையில்லையாம். வாங்கலாமா? (வாசகர், செங்கலடி)

பதில்: ஈரத்தை ஓரளவு காட்டும். அதை உங்கள் விரலும் காட்டும். அமிலத்தன்மைக்கு அதை நம்பி உரம் போடாதீர்கள்.

கேள்வி: வாடகை வீடு. வளவும் இல்லை, விறாந்தையும் இல்லை. ஒரு யன்னல்தான் இருக்கிறது. ஏதாவது வளர்க்க முடியுமா? (வாசகி, கல்முனை)

பதில்: முடியும், மகள். குசினியில் இருக்கும் வெந்தயத்தை இரவு ஊறவைத்து, துளையிட்ட ஐஸ்கிறீம் டப்பாவில் இரண்டு விரல் மண் போட்டு நெருக்கமாகத் தூவுங்கள். பத்து நாளில் ஒரு சுண்டலுக்கு வெட்டலாம். மல்லியும் வரும், கையால் நசுக்கி இரண்டாகப் பிளந்து போட வேண்டும். இப்படி முளையாகவே வெட்டித் தின்பதற்குச் சமையல் சாமானாக விற்கும் விதையையே வாங்குங்கள். நடுவதற்கென்று விற்கும் பொதியில் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறி இருந்தால் அதில் பூஞ்சண நாசினி பூசியிருக்கிறார்கள். அது மண்ணுக்கு மட்டும்தான். தொட்டால் கையைக் கழுவிவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.