ஷாக் பாறைகளில் இறங்க பெர்மிட்டா? பணம் கட்டாதீர்கள்

கேள்வி: அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் கிளம்பி தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து, தெற்கு ஜார்ஜியா தீவுகளுக்குப் போய்த் திரும்பும் கப்பலில் நானும் கணவரும் இடம் பதிந்திருக்கிறோம். வழியில் ஷாக் பாறைகளில் இறங்க ‘அண்டார்டிகா பெர்மிட்’ வேண்டும் என்று ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். சுற்றுலாக் கப்பல்கள் அங்கே யாரையும் இறக்குவதில்லை. சற்றுத் தள்ளி நின்று காட்டிவிட்டுப் போய்விடும். தெற்கு ஜார்ஜியாவுக்கு மேற்கே சுமார் 240 கி.மீ. தொலைவில், திறந்த கடலில் நிற்கும் 6 சிறு பாறைகள் அவை. அதிக உயரம் 75 மீட்டர். கரை என்று எதுவும் கிடையாது. செங்குத்துப் பாறையில் அலை ஏறி இறங்கும்போது ரப்பர் படகை அணைத்து நிறுத்த முடியாது. 1956-இல் அர்ஜென்டினா புவியியலாளர் ஒருவர் முதன்முதலில் அங்கே இறங்கியதும் ஹெலிகாப்டரில்தான்.

அடுத்தது அந்த பெர்மிட். அண்டார்டிகா ஒப்பந்தம் தென் அட்சரேகை 60 டிகிரிக்குத் தெற்கே மட்டும்தான் செல்லும். ஷாக் பாறைகள் இருப்பது ஏறக்குறைய ஐம்பத்து மூன்றரை டிகிரியில். அண்டார்டிகா போக அனுமதி கேட்கும் இந்தியாவின் 2022 அண்டார்டிகா சட்டமும் அங்கே எட்டாது. மீன்பிடிப்புக்கான அண்டார்டிகா உடன்படிக்கையின் எல்லை இன்னும் வடக்கே, ஷாக் பாறைகளையும் உள்ளடக்கி வருகிறது. அதைக் காட்டித்தான் குழப்புகிறார்கள். அது மீன்பிடிக் கப்பல்களின் கவலை, உங்களுடையதல்ல.

ஒரே ஒரு விலக்கு. உங்கள் கப்பல் அண்டார்டிகா தீபகற்பத்துக்கும் போவதாக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டும். அப்போது அனுமதி கட்டாயம். ஆனால் அதையும் கப்பல் நிறுவனமே, ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு நாட்டிடம் மொத்தப் பயணத்துக்கும் வாங்கிவிடும். வேறொரு உறுப்பு நாடு தந்த அந்த எழுத்து அனுமதியை நம் சட்டமும் ஏற்கிறது. தெற்கு ஜார்ஜியாவில் இறங்கும் அனுமதியும் அப்படியே: அந்தத் தீவு அரசிடம் விண்ணப்பிப்பது கப்பல்காரர்கள். இறங்கும் கட்டணம் டிக்கெட்டில் அடக்கமா என்று ஏஜென்டிடம் அல்ல, கப்பல் நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதிவைக்க எந்த அலுவலகமும் மெனக்கெடுவதில்லை. ஏஜென்டுகள் பிழைப்பது அதனால்தான்.

பணத்தை வேறு இரண்டில் போடுங்கள். ஒன்று விசா. உஷுவாயாவில் ஏறி அங்கேயே திரும்பினால் அர்ஜென்டினாவுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் செல்லும் விசாவோடு போகாதீர்கள். மற்றது காப்பீடு. தெற்கு ஜார்ஜியாவில் விமான ஓடுதளம் இல்லை. நோயாளியைக் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். நடுக்கடலில் இருந்து மீட்கும் செலவு பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

பூட்ஸ் அடிப்பகுதி, வெல்க்ரோ, பாக்கெட் மடிப்பு எல்லாவற்றிலும் விதையோ மண்ணோ ஒட்டியிருந்தால் தெற்கு ஜார்ஜியாவில் இறங்க விடமாட்டார்கள். ஊரிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஃபாக்லாந்தைவிட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள்வாக்கில் ஷாக் பாறைகள் பற்றிய அறிவிப்பைக் கவனியுங்கள். மூடுபனி இறங்கினால், காற்று மாறினால், கேப்டன் நிறுத்தாமல் போய்விடுவார். அதற்குப் பணம் திரும்ப வராது. தெளிவாக இருந்தால் 8x42 பைனாகுலரோடு வெளித்தளத்துக்கு வாருங்கள். எச்சத்தால் வெளுத்த பாறைகளில் ஷாக் நீர்க்காகங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.