ஜேட் செடி: தண்ணீரைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்

கேள்வி: ஆறு வருடமாக வளர்க்கிறேன். இலையெல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஒரு பூ கூட வரவில்லையே?

பதில்: செடியை ரொம்பச் சொகுசாக வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஜேட் செடியின் (கிராசுலா ஓவாட்டா) பிறந்த வீடு தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசுலு-நட்டால் பகுதிகளின் பாறைச் சரிவுகள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நட்சத்திரப் பூக்கள் கொத்துக் கொத்தாக வருவது அப்போதுதான். நீண்ட இருட்டு, குளிர்ந்த இரவு, காய்ந்த மண் மூன்றும் கூடினால் மொட்டு வைக்கும். இரவெல்லாம் விளக்கு எரியும் கூடத்தில் இருந்தால் அதற்கு என்றும் கோடைதான்! பகலில் நல்ல வெயிலும் இரவில் இருட்டும் உள்ள ஜன்னலோரத்துக்கு மாற்றுங்கள். பூ கிளை நுனியில் வரும் என்பதால், குளிர்காலத்துக்கு முன் கவாத்து செய்துவிடாதீர்கள்.

கேள்வி: இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா?

பதில்: நேர்மாறு. தாகம் என்றால் இலை மெலிந்து சுருங்கும். மஞ்சளாகிக் கொழகொழத்தால் வேர் அழுகுகிறது. இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து, கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, விடிந்ததும் அதைக் கொண்டு சமைக்கும். அதனால் நீர்ச்செலவு மிகக் குறைவு. (இதன் உறவான ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மாலையில் கசக்கிறது என்று தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் எழுதிய கடிதம் 1815-இலேயே அச்சானது. மனிதர் மென்றே பார்த்திருக்கிறார்.) செடியை எடுத்து, கறுத்த வேர்களை வெட்டி, சில நாள் நிழலில் உலர்த்தி, பாதிக்குப் பாதி பெருமணல் கலந்த மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர்க் குவளையைத் தொடாதீர்கள்.

கேள்வி: இலை விளிம்பு சிவக்கிறதே, நோயா?

பதில்: இல்லை, வெயிலின் வேலை.

கேள்வி: இலைமேல் வெள்ளைப் புள்ளிகள்?

பதில்: துடைத்தால் போய்விட்டால், இலையின் நீர்த்துளைகள் வழியே கசிந்து படிந்த உப்பு. இலைக்கணுவில் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுங்கள். வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

கேள்வி: யானை விரும்பித் தின்னும் ஸ்பெக்பூம் இதுதானா? எங்கள் பூனை இலையைக் கடிக்கிறது.

பதில்: பலர் குழம்புவது இதில்தான். ஸ்பெக்பூம் என்பது போர்ச்சுலக்காரியா அஃப்ரா, குடும்பமே வேறு. அதன் இலை சிறிது, தண்டு செம்பழுப்பு. புளிப்பான அந்த இலையை மனிதர்களும் உண்பார்கள். ஜேட் அப்படியல்ல, நாய் பூனை தின்றால் வாந்தி எடுக்கும். தொட்டியைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.