மகள் கிணறு கிணறாகத் திரிகிறாள், படிப்பு என்னாகும்?

அம்மா, உங்கள் மகள் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலைக் கம்பஸில் இரண்டாம் வருடம். விரிவுரையாளரின் ஆய்வுக்காக நிலாவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எடுத்து அளக்கிறாள், சனிக்கிழமையும் வீட்டில் நிற்பதில்லை, ஜீ.பி.ஏ. (சராசரிப் புள்ளி) விழுந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகட்டும், விடுங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை மண்டபத்தில் கழிவது அதில் ஏறக்குறைய 15 தான். மிச்சத்தை நோட்ஸ் பாடமாக்கியே கழிப்பது ரியூசன் காலத்துப் பழக்கம்.

நிலாவெளியின் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. மாரி மழை அதை நிரப்பும். கோடையில் மோட்டார் போட்டு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவரும். இவ்வளவையும் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிவிடலாம். ஆனால் ஒரே கிணற்றைத் தையிலும் ஆவணியிலும் அளந்து, மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) ஏறியிருப்பதைக் கண்ட பிள்ளை அதோடு நிற்காது. பக்கத்து வளவுக் கிணற்றில் ஏன் ஏறவில்லை? மீற்றர் சரியா? அந்த வீட்டில் எவ்வளவு நேரம் இறைக்கிறார்கள்? நேர்முகத்தில் "நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்றால், அவளிடம் சொல்ல விஷயம் இருக்கும். படலையில் நின்று முன்பின் தெரியாதவரிடம் அனுமதி கேட்கும் பழக்கமும் வரும். அது எந்த வகுப்பிலும் கிடையாது.

சரி, ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இதில் அவளுடைய பங்கு என்ன? போத்தல் தூக்குவது மட்டும்தான் என்றால் ஒரு செமஸ்டர் போதும். அளந்ததைப் பதிந்து, வரைபு போட்டு, விளக்கம் எழுதுவதிலும் அவளுக்கு இடம் வேண்டும். கட்டுரை வந்தால் பெயர் போடுவார்களா என்பதையும் இப்போதே மரியாதையாகக் கேட்கட்டும். நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வறிக்கை எப்படியும் எழுதத்தான் வேண்டும். அந்த நேரம் கை பழகியிருக்கும்.

யாரோடு போகிறாள், எப்படித் திரும்புகிறாள் என்று கேட்பது உங்கள் உரிமை. பரீட்சைக்கு முந்திய மாதம் களவேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் கறார். அப்புறம், புறாத்தீவுப் பவளப்பாறைக்கு யாராவது கூப்பிட்டால், அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்கள அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை வந்ததும் அவளுடைய களக்குறிப்புக் கொப்பியைக் காட்டி விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறாளோ, அதைத் திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் கேட்கட்டும்.