கருத்தடை மாத்திரை எடுத்தால் முழங்கால் ஜவ்வு தளர்ந்துவிடுமா?

ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் கபடி ஆடுவதாகவும், சினைப்பை நீர்க்கட்டிக்காக மகளிர் மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அதைச் சாப்பிட்டால் முழங்கால் ஜவ்வு தளர்ந்து அறுந்துவிடும் என்று உடன் ஆடும் அக்கா ஒருவர் சொன்னதால் அட்டையைப் பிரிக்காமலே வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது, இதே காரணத்துக்காக இதே வகை மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் இடது முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தது (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் சேர்த்துக் கட்டும் தசைநார் அது; நாம் ஜவ்வு என்பது இதைத்தான்). அந்த அக்கா கேள்விப்பட்டால் என்னையே சாட்சிக்கு அழைப்பார். இருந்தும், அதற்கு மாத்திரையைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் நடந்த ஒரு போட்டியில், ரெய்டு முடித்து நடுக்கோட்டைத் தொடத் திரும்பினேன். யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை. பாதம் செம்மண்ணில் ஊன்றியபடியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் உள்பக்கமாகச் சரிந்து, காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மாலைக்குள் கால் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. வீட்டில் போர்வெல் தண்ணீரின்மீது பழி விழுந்தது. (நம் இரண்டு மாவட்டங்களிலும் ஃப்ளோரைடு உண்மையான தொல்லைதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ஃப்ளோரைடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தசைநார்களை இறுகச் செய்யுமே தவிர, ஒரு திருப்பத்தில் அறுக்காது.) ஏ.சி.எல். காயங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு இப்படி யாரும் மோதாமல், திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோதான் நேர்கின்றன. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் 2 முதல் 8 மடங்கு வரை அதிகம் என்பதால்தான் ஹார்மோன்மீது ஆய்வாளர்களின் கண் விழுந்தது.

அந்தச் சந்தேகம் அர்த்தமற்றது என்று சொல்ல மாட்டேன். ஏ.சி.எல். தசைநாரின் செல்களில், பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜெனையும் புரோஜெஸ்டிரோனையும் உணர்ந்துகொள்ளும் ஏற்பிகள் இருப்பதை 1996-இல் கண்டறிந்தார்கள். தசைநாருக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பின்னி இறுக்கும் நொதியின் வேலையை ஈஸ்ட்ரோஜென் மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வகத்தில் வளர்த்த தசைநாரில் தெரிந்தது. கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்பு ஈஸ்ட்ரோஜென் உச்சத்துக்கு ஏறும் நாட்களில் முழங்கால் சிறிதளவு கூடுதலாக நெகிழ்கிறது என்றும், காயங்களும் அந்த நாட்களில் கூடுகின்றன என்றும் பல ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் அக்கா இதன் ஒரு பாதியை எங்கோ கேட்டிருக்கிறார்: ஈஸ்ட்ரோஜென் ஜவ்வைத் தளர்த்தும், மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் இருக்கிறது, ஆகவே மாத்திரை ஜவ்வைத் தளர்த்தும். கணக்கு சரிபோலத் தெரியும். ஆனால் மாத்திரை, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்ட்ரோஜெனுக்கு மேலே இன்னொரு படி அளந்து கொட்டுவதில்லை. அது கருமுட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுவதால், சினைப்பை தானாகச் சுரக்கும் அந்த மாதாந்தர உச்சம் எழுவதே இல்லை; மேடும் பள்ளமுமாக இருந்த நிலம் ஏரோட்டிச் சமப்படுத்தியதுபோல ஆகிவிடுகிறது.

டென்மார்க்கில் ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,497 பெண்களை, அதே வயதுடைய, காயம் படாத பெண்களோடு ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போன காயம் 18 விழுக்காடு குறைவாக இருந்தது. 2016-இல் அமெரிக்காவில் 12,819 பேரை வைத்துச் செய்த ஆய்விலும், 15 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களிடம் ஏறக்குறைய அதே அளவு வேறுபாடு தெரிந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து, கால்பந்து வீராங்கனைகளிடம் அதற்கு முன் செய்த ஆய்விலோ எந்த வேறுபாடும் இல்லை. ஆக, மாத்திரை ஜவ்வைக் கெடுக்கிறது என்ற பக்கம் இந்தப் பெரிய ஆய்வுகள் எதுவும் சாயவில்லை. அதற்காக, முழங்காலைக் காப்பதற்கென்று மாத்திரை சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். மருந்துச் சீட்டுகளையும் அறுவை சிகிச்சைப் பதிவேடுகளையும் வைத்துக் கணக்கிடும்போது, யார் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் களத்தில் நின்றார், யார் எப்படிப் பயிற்சி செய்தார் என்பதெல்லாம் ஏட்டில் வருவதில்லை.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வாய்வழி மாத்திரையைப் பற்றியவை. அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கொருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியில் ஈஸ்ட்ரோஜென் இல்லை; அது முழங்காலைவிட எலும்பின் அடர்த்தியைப் பொறுத்து யோசிக்க வேண்டியது. சாயா என்ற கருத்தடை மாத்திரையில் ஹார்மோனே இல்லை. திருவிழாவுக்கோ போட்டிக்கோ மாதவிடாய் நாளைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இன்னொரு சங்கதி. என் மாணவிகளின் அம்மாக்கள் அதைத் தலைவலி மாத்திரைபோல வாங்கிக் கொடுப்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

ஜவ்வுக்கு உண்மையில் எது உதவும் என்றால், இறங்கும் முறையைத் திருத்துவதுதான். பின்தொடைத் தசைக்கு வலுவூட்டுவது, ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது, குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி அது பாதத்துக்கு நேர்மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்வது ஆகியவை சேர்ந்த, 20 நிமிடம் பிடிக்கும் ஃபிஃபா 11+ (கால்பந்து ஆடுபவர்களுக்கான முன்பயிற்சி) போன்ற பயிற்சிகள் ஏ.சி.எல். காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன. எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லிக் கைப்பேசியில் எதிரே நின்று படம் பிடிப்பேன். இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளப் போவதை அவர்களே பார்த்துச் சிரிப்பார்கள், அடுத்த வாரம் திருத்திக்கொள்வார்கள். நான் ஆடிய காலத்தில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடினால் பயிற்சிக்கு முந்தைய சடங்கு முடிந்தது.

மாத்திரையைப் பொறுத்தவரை நீங்கள் கவலைப்பட வேண்டியது இரத்தம் உறைவதைப் பற்றி. மாத்திரை எடுக்காத பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 1 முதல் 5 பேருக்கு இரத்தக்குழாயில் இரத்தம் உறைகிறது என்றால், எடுப்பவர்களில் அது 3 முதல் 9 பேர். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் சேர்ந்த மாத்திரையைக் காட்டிலும், நீர்க்கட்டிக்கு அடிக்கடி எழுதப்படும் சைப்ரோடீரோன், ட்ரோஸ்பைரினோன் சேர்ந்தவற்றில் இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். கண்ணில் மின்னல் தெறித்த பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உங்களுக்கு இருந்தாலும், வீட்டில் யாருக்காவது இளவயதில் இரத்தம் உறைந்திருந்தாலும், முதல் மாத்திரையைப் போடுமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் தவறு செய்த இடமும் இதுதான். கால் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனபோது, "வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறாயாம்மா?" என்று கேட்டார்கள், பக்கத்தில் அம்மாவும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள், நான் இல்லை என்றேன். திருமணமாகாத பெண்ணின் கைப்பையில் கருத்தடை மாத்திரை என்றால் ஊரில் என்ன பேச்சு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் அந்த அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கேழ்வரகுத் தூக்குக்குள் வைத்திருந்தோம், அதுவும் அம்மாவின் யோசனைதான். அறுவை சிகிச்சைக்கு முன் செவிலியர் அக்கா ஒருவர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டபோது அழுதுகொண்டே சொன்னேன். கால் அசையாமல் கிடப்பதும் ஈஸ்ட்ரோஜெனும் இரத்தத்தை உறையவைக்கும் இரண்டு காரணங்கள், இரண்டும் சேரக் கூடாது என்று விளக்கி, மாத்திரையை நிறுத்திவைத்து அறுவை சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆட்டத்தில் பிடித்த சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே வரச் சொன்னார்கள்.

ஆகவே, மருத்துவர் உங்கள் உடல்நிலையைக் கேட்டறிந்து எழுதியிருந்தால் ஜவ்வை எண்ணி அந்த அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டியதில்லை. அட்டையின் பின்பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலில் அடிபட்டு எங்கே போய் நின்றாலும், சுற்றி யார் இருந்தாலும், வாயால் சொல்லாமல் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.