பேசிப் பழகலாம்: ஏரி, குப்பை, குடிநீர், கொஞ்சம் ஆங்கிலம்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, ஞாயிறு காலைகளில் ஏரிக்கரையில் ஆங்கிலம் பேசிப் பழகும் ஒரு சிறு குழுவை நடத்திவருகிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் அளிக்கும் பதில்கள் இங்கே.

டீச்சர், நான் தருமபுரிப் பக்கத்துக்காரன். மடிவாளாவில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடுகிறேன். சென்ற மாதம் ஒரு நேர்முகத் தேர்வில் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, சுற்றுச்சூழல் பிரச்சினைகளைப் பற்றி ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொன்னார்கள். புவி வெப்பமாதலைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒருவர் குறுக்கிட்டார். அத்தோடு எல்லாம் மறந்துவிட்டது. மனப்பாடம் செய்ய வேறு நல்ல புத்தகம் சொல்வீர்களா?
*வாசகர், மடிவாளா*

தம்பி, புத்தகம் சொல்ல மாட்டேன். மனப்பாடம் செய்த கட்டுரை, பூக்கட்டிய நாரைப் போன்றது. ஓரிடத்தில் அறுந்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். கண்ணால் கண்டதைச் சொல்பவனை யார் குறுக்கிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும். இதை நான் என் மாணவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2016 மார்ச் மாதம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அந்த வாரம் எங்கள் குழுவுக்கு நான் குறித்துவைத்திருந்த தலைப்பு அமேசான் காடுகள். பத்து நிமிடம் ஆகியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அமேசானை யார் பார்த்திருக்கிறார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் அமேசானைப் பற்றிப் பேசச் சொன்னது என் தவறு. தாளை மடித்து வைத்துவிட்டு, "இந்த மீன்கள் ஏன் செத்தன?" என்று கேட்டேன். எங்கள் தெருவில் துணி இஸ்திரி போடும் பெண் ஒருவர், மூன்று மாதமாக வந்தும் ஒரு வார்த்தை பேசாதவர், சட்டென்று சொன்னார்: "ஃபிஷ் நோ ஏர். ஃபிஷ் டை."

அதில் இலக்கணம் இல்லை. ஆனால் விஷயம் முழுவதும் இருந்தது. சாக்கடை நீர் ஏரியில் கலக்கிறது. அதிலுள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. அவருடைய ஐந்து சொற்களை வைத்துக்கொண்டு அன்று முழுக் குழுவும் வேலை செய்தது. முதலில், "தி ஃபிஷ் டைட்." ஏன்? "பிகாஸ் தேர் வாஸ் நாட் இனஃப் ஆக்சிஜன் இன் தி வாட்டர்." அது ஏன்? "பிகாஸ் சூயேஜ் வாஸ் ஃப்ளோயிங் இன்டு தி லேக்." ஒவ்வொரு "ஏன்" கேட்கும்போதும் ஒரு வாக்கியம் பிறந்தது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அன்றிலிருந்து நான் தலைப்பு எழுதிக்கொண்டு போவதில்லை.

நீங்களும் இப்படித் தொடங்குங்கள். மடிவாளாவிலிருந்து பெல்லந்தூர் ஏரி தொலைவில் இல்லை. ஒரு நாள் போய் நின்று பாருங்கள். சுமார் 900 ஏக்கர், நகரத்திலேயே பெரிய ஏரி. அதில் நுரை பொங்கிச் சாலைக்குப் பறந்து வந்ததும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்ததும் ஊரறிந்தது. தண்ணீர் எப்படி எரியும் என்று யாராவது கேட்டால் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சோப்புத் தூளில் உள்ள நுரைக்கும் வேதிப்பொருள்கள் கழிவுநீரோடு வருகின்றன; நீர் மதகில் உயரத்திலிருந்து விழும்போது கடைந்த மோர் போல நுரைக்கிறது; ஏரியை மூடிக் காய்ந்த களைச் செடிகளும் குப்பையும் எரிகின்றன. இந்தக் கதையில் எத்தனை "பிகாஸ்", எத்தனை "ஸோ" இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். இதை எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, வகுப்பில் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தது. தமிழில் நமக்கு எல்லாமே "வரும்". நாற்றம் வருகிறது, தண்ணீர் வரவில்லை, மழை வருகிறது, கோபம் வருகிறது, தூக்கம் வருகிறது. அதையே ஆங்கிலத்தில் போட்டு "ஸ்மெல் இஸ் கமிங்", "வாட்டர் இஸ் நாட் கமிங்" என்கிறோம். கேட்பவருக்குப் புரியும், ஆனால் அது ஆங்கிலத்தின் நடை அல்ல. ஏரி நாறுகிறது என்றால் "தி லேக் ஸ்டிங்க்ஸ்". தண்ணீர் இல்லை என்றால் "தேர் இஸ் நோ வாட்டர்". கோபம் வருகிறது என்றால் "ஐ ஆம் ஆங்க்ரி". இந்த "வருகிறது" ஒன்றைத் திருத்திக்கொண்டாலே உங்கள் பேச்சு பாதி தெளிந்துவிடும்.

குறுக்கிடுபவரைப் பற்றி: பயப்படாமல், குரலை உயர்த்தாமல், "லெட் மீ ஃபினிஷ் திஸ் பாயிண்ட்" என்று சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று இருபது முறை சொல்லிப் பாருங்கள். நான் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஒரே வாக்கியம் இதுதான்.

நான் பி.காம் இரண்டாம் ஆண்டு மாணவி. என் அம்மா பௌரகார்மிகர், தெருக்கூட்டும் வேலை. கல்லூரியில் குப்பை மேலாண்மையைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்ற மாணவிகள் வெளிநாட்டு நகரங்களைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். எனக்கு அம்மா சொல்லும் விஷயங்கள் மட்டுமே தெரியும். உணவுக் கழிவோடு கண்ணாடியைக் கலந்து போட்டிருந்ததால் இந்த ஆண்டு இரண்டு முறை அவர் கை கிழிந்தது. இதையெல்லாம் சொன்னால் என்னை இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
*மாணவி, ஸ்ரீராமபுரம்*

மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் வகுப்பில் குப்பையைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். "எனக்கு அம்மா சொல்லும் விஷயங்கள் மட்டுமே தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "மட்டுமே"யை எடுத்துவிடு.

அம்மாவைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. அதில் யாரும் உன்னை வற்புறுத்தக் கூடாது, நானும்தான். பெயரோ உறவோ சொல்லாமல் "எ வுமன் ஐ நோ" என்று தொடங்கலாம், அதுவும் உண்மைதான். சொல்லத் துணிந்தால் நேராகச் சொல்: "மை மதர் ஈஸ் எ பௌரகார்மிகா. ஷி கட் ஹெர் ஹேண்ட் ட்வைஸ் திஸ் இயர்." இங்கே "கட்" என்பதற்கு இறந்த காலத்திலும் "கட்" தான், "கட்டெட்" என்று ஒரு சொல் இல்லை. அடுத்து: "பீப்பிள் மிக்ஸ் ப்ரோக்கன் க்ளாஸ் வித் ஃபுட் வேஸ்ட்." இந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு வகுப்பில் ஓர் அமைதி விழும். அவசரப்பட்டு அதை நிரப்பாதே. ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்.

தொடர்வதற்குச் சரக்கு நம் ஊரிலேயே இருக்கிறது. ஊர்க் குப்பை லாரி லாரியாக மண்டூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிராமத்து மக்கள் நாற்றத்தையும் நோயையும் தாங்க முடியாமல் போராடினார்கள். 2014 இறுதியில் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உணவுக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, பயன்படுத்திய நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, காகிதம், பிளாஸ்டிக்குக்கு ஒரு பை. சிங்கப்பூரைப் பற்றிப் பேசுகிறவர்களிடம், நம் வீட்டு வாசலில் இருக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி, "டூ யூ ஃபாலோ திஸ் அட் ஹோம்?" என்று ஒரு கேள்வி கேள்.

இலக்கணத்தில் ஒன்றை மட்டும் கவனி. கார்பேஜ், வேஸ்ட், பொல்யூஷன் ஆகிய மூன்றையும் இந்தப் பொருளில் எண்ண முடியாது. "கார்பேஜஸ்", "பொல்யூஷன்ஸ்" என்று சொல்லிவிடாதே. "எ லாட் ஆஃப் கார்பேஜ்" என்று சொல்.

பேசி முடித்த அன்று மாலை அம்மாவிடம் என்ன சொன்னாய் என்பதையும் எனக்கு எழுது.

ஒயிட்ஃபீல்டில் ஒரே குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பத் தலைவிகள் நான்கு பேர் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கிறோம். தண்ணீர்ப் பஞ்சம் என்று தலைப்பு எடுத்தால், தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று நால்வரும் ஒப்புக்கொண்டு இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். என்ன செய்வது?
*நான்கு தோழியர், ஒயிட்ஃபீல்ட்*

ஒப்புக்கொண்ட இடத்தில் பேச்சு நின்றுவிடும். ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் மாதத்துத் தட்டுப்பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அபராதத்தை ஆதரிக்கட்டும். இன்னொருவர், காலையில் பத்து வீட்டுக் கார்களைக் கழுவிப் பிழைப்பவரின் பக்கம் நின்று பேசட்டும். அவர் வருமானத்துக்கு யார் பொறுப்பு? மூன்றாமவர் டேங்கர் லாரிக்காரர். நான்காமவர் தொரேகாடனஹள்ளிப் பக்கத்து விவசாயி. அங்கிருந்துதானே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டி, படிப்படியாக மேட்டில் ஏற்றிக் காவிரியை நம் குழாய்க்குக் கொண்டு வருகிறார்கள்? பிறகு பாருங்கள், அரை மணி நேரம் போதாது. மறுநாள் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். நேற்று எதிர்த்ததை இன்று ஆதரிக்கும்போதுதான் புதிய சொற்களைத் தேட வேண்டியிருக்கும்.

மறுத்துப் பேச "யூ ஆர் ராங்" வேண்டாம். "ஐ சீ யுவர் பாயிண்ட், பட்" என்று தொடங்குங்கள். "டிஸ்கஸ் அபௌட்" என்பதும் தவறு. "டிஸ்கஸ்" மட்டும் போதும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று உண்டு: "சின்ஸ் த்ரீ டேஸ் நோ வாட்டர்." மூன்று நாளாக, திங்கட்கிழமையிலிருந்து என்னும் இரண்டுக்கும் நாம் "சின்ஸ்" போடுகிறோம். எத்தனை நாள் என்று அளந்து சொன்னால் "ஃபார்", எப்போது தொடங்கியது என்று சொன்னால் "சின்ஸ்". "வி ஹேவ் ஹேட் நோ வாட்டர் ஃபார் த்ரீ டேஸ்." "வி ஹேவ் ஹேட் நோ வாட்டர் சின்ஸ் மண்டே."

சூயேஜ், சூவரேஜ் – இரண்டும் ஒன்றா?
*வாசகர், ஆஸ்டின் டவுன்*

இல்லை. சூயேஜ் என்பது கழிவுநீர். சூவரேஜ் என்பது அதைக் கொண்டுசெல்லும் குழாய்களும் கால்வாய்களும் சேர்ந்த ஏற்பாடு. ஏரியில் கலப்பது சூயேஜ்.

பெங்களூரில் வெயில் கூடுவதற்கு ஓசோன் ஓட்டைதான் காரணம் என்று என் மகன் பள்ளியில் ஆங்கிலத்தில் பேசிப் பரிசே வாங்கிவிட்டான். சரிதானா?
*ஒரு தாய், ஜீவன்பீமா நகர்*

ஆங்கிலம் சரியாக இருந்திருக்கலாம், விஷயம் சரியில்லை. பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஆனால் விஷயத்தை அவனிடம் இன்றைக்கே திருத்திவிடுங்கள். ஓசோன் படலம் மெலிந்தால் புற ஊதாக் கதிர்கள் அதிகமாக இறங்கும். அது தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்களால் வந்த வினை அது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை செய்து உலக நாடுகள் அவற்றைக் குறைத்தன. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம், நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து காற்றில் சேரும் கரியமில வாயு. நம் ஊரிலோ, மரங்களும் ஏரிகளும் இருந்த இடத்தில் கான்கிரீட் வந்து வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இன்றைய வெயிலைச் சொல்ல "வெதர்", முப்பது ஆண்டு போல நீண்ட காலத்துச் சராசரியைச் சொல்ல "க்ளைமேட்". இந்த வேறுபாட்டையும் சொல்லிக் கொடுங்கள்.

எனக்கு வயது 67. தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேரனோடு ஏதாவது பேச வேண்டும் என்று ஆசை. தமிழிலேயே யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னால் தவறா?
*தாத்தா, மர்ஃபி டவுன்*

தவறே இல்லை ஐயா. முதலில் ஐந்து நிமிடம் தமிழிலேயே பேரனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக இருவரும் சேர்ந்து கட்டுங்கள். அவனுக்குச் சொல் தெரியும், உங்களுக்குக் கதை தெரியும்.

சாலுமரத திம்மக்காவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர். மாகடி வட்டம் ஹுலிகல் ஊர். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் கணவரோடு சேர்ந்து ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே சாலையோரம் 385 ஆலமரங்களை வைத்தார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சாலுமரத என்றால் கன்னடத்தில் வரிசை மரங்கள் என்று பொருள். விருதுக்கும் முன்னால் ஊர் கொடுத்த பெயர் அது.

"ஷி ப்ளான்டட் பேனியன் ட்ரீஸ். ஷி கேரீட் வாட்டர் இன் பாட்ஸ்." இந்த இரண்டும் எளிது. மூன்றாவதில்தான் சுவை. தமிழில் பிள்ளையையும் வளர்க்கிறோம், மரத்தையும் வளர்க்கிறோம், ஒரே சொல். ஆங்கிலத்தில் மரத்துக்குப் பொதுவாக "க்ரோ", பிள்ளைக்கு "ரெய்ஸ்". திம்மக்காவுக்கு எதைப் போடுவது? நான் "ஷி ரெய்ஸ்ட் தெம் லைக் சில்ட்ரன்" என்பேன். உங்கள் பேரன் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறான், ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.