விரை இறக்கத்தை ஆராய விரும்பும் மகளின் பெற்றோருக்கு

கால்நடை மருத்துவப் படிப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், குட்டி விலங்குகளில் விரைகள் விரைப்பைக்குள் இறங்குவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவது உங்களைக் கலங்க வைத்திருப்பதை அறிகிறேன். வெளியில் சொல்லக் கூசும் தலைப்பு என்ற வருத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குக் கூசுபவர் கால்நடை மருத்துவராகவே இருக்க முடியாது. வேலை கிடைக்குமா என்பதே நியாயமான கேள்வி. அதற்கான விடை, இந்நிகழ்வின் எந்தப் பகுதி அவரை ஈர்க்கிறது என்பதைப் பொறுத்தது.

கருவில் சிறுநீரகத்தின் அருகே உருவாகும் விரை இரண்டு கட்டங்களாகக் கீழே வருகிறது. முதற்கட்டத்தில், விரையின் லேடிக் செல்கள் சுரக்கும் ஐஎன்எஸ்எல்3 என்னும் ஹார்மோன், விரையைக் கவட்டைப் பகுதியோடு இணைக்கும் குபர்னாகுலம் என்ற இழைக்கட்டைப் பருக்கச் செய்து, வயிறு வளர வளர விரை மேலே போய்விடாதபடி பிடித்து வைக்கிறது. இந்த ஹார்மோனின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் விரைகள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுவது 1999இல் தெரியவந்தது. விரை கவட்டையிலிருந்து விரைப்பைக்குள் இறங்கும் இரண்டாம் கட்டத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தேவை என்றாலும், அது மட்டும் போதாது: பிறந்த எலிக்குட்டியின் கவட்டைப் பகுதிக்குச் செல்லும் ஜெனிட்டோஃபெமரல் நரம்பை ஒரு பக்கம் வெட்டினால் அப்பக்கத்து விரை பெரும்பாலும் இறங்குவதில்லை. அந்நரம்பு வெளியிடும் சிஜிஆர்பி என்ற பெப்டைடை, ஆய்வகத்தில் பேணப்படும் குபர்னாகுலத்தின் மீது இட்டால் அது சீரான இடைவெளியில் சுருங்குவதைக் கண்ணால் காணலாம்.

ஹார்மோன் பகுதியே அவரைக் கவர்ந்தால் வேலைவாய்ப்பு விரிவானது. மருந்துகளும் வேதிப்பொருள்களும் இனப்பெருக்கத்தைப் பாதிக்கின்றனவா என்று சோதிக்கும் ஆய்வகங்களில், கருவுற்ற எலிகளுக்கு அப்பொருளைக் கொடுத்து, பிறக்கும் ஆண்குட்டிகளின் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதும் விரை இறங்கியதா எனப் பார்ப்பதும் வழக்கமான பணிகள். நரம்புப் பகுதி கவர்ந்தால், நுண்ணறுவையும் திசு வளர்ப்பும் கைவர வேண்டும். குழந்தைகள் அறுவை மருத்துவ ஆய்வுக் குழுக்களில் இடம் தேடலாம், ஆனால் இடங்கள் குறைவு. மேலும், நரம்பைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி எலியிலிருந்து வந்தவை. எலிக்கு விரை இறங்குவது பிறந்த பிறகு, கன்றுக்கோ பிறப்பதற்கு வெகு முன்பே. ஆகவே ஒன்றில் கண்டதை மற்றதன் மேல் ஏற்றிச் சொல்வோரை எதிர்த்து வாதிடும் பொறுமையும் அவருக்கு வேண்டும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்த விலங்கில் ஆய்வு நடக்கும், அதற்கான விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் உள்ளதா என்ற இரண்டையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.