யுரேனியச் சுரங்கம்: அமெரிக்கப் பொது நிலமும் பழங்குடி நிலமும் – கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்க அரசு நிலத்தில் யுரேனியம் எடுப்பவர்கள் அரசுக்கு எவ்வளவு ராயல்டி கட்டுகிறார்கள்?

பதில்: மத்திய அரசுக்கு ஒன்றுமே கிடையாது. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. திறந்துவிடப்பட்ட பொது நிலத்தில் கனிமம் கண்டவர் உரிமை கோரலாம். சுற்றுச்சூழல் ஆய்வு உண்டு. ஆனால் ‘வேண்டாம்’ என்று அரசு ஒரேயடியாக மறுப்பது கடினம். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் ராயல்டி வாங்கும் அரசு இதை இலவசமாகக் கொடுப்பது அநியாயம் என்பதே என் கருத்து.

கேள்வி: நவஹோ பழங்குடியினரின் நிலத்துக்கும் இதே சட்டம்தானா?

பதில்: இல்லை. பழங்குடி நிலத்தில் குத்தகைக்கு அந்த மக்களின் அரசு சம்மதிக்க வேண்டும், பொது நிலங்களைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறை அமைச்சகமும் ஒப்ப வேண்டும். நவஹோ அரசு 2005-இல் யுரேனியச் சுரங்கத்தையே தடை செய்துவிட்டது. 1944 முதல் 1986 வரை அங்கே சுமார் 3 கோடி டன் தாது எடுத்தார்கள். கைவிட்டுப் போன சுரங்கங்கள் 500-க்கும் மேல். 1950-களில் தொழிலாளர்களின் உடல்நிலையை அரசு மருத்துவர்களே ஆராய்ந்தார்கள், கதிரியக்க ஆபத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. 1979 ஜூலையில் நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலைக்கழிவு அணை உடைந்து, 35 கோடி லிட்டருக்கும் மேலான கழிவுநீர் புவெர்கோ ஆற்றில் கலந்தது. அதே ஆண்டு நடந்த திரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்தை உலகமே பேசியது. ஆடு மேய்க்கும் நவஹோ மக்களின் ஆறு பாழானதை எத்தனை பேர் பேசினார்கள்?

கேள்வி: தடை போட்டாயிற்றே, பிறகென்ன சிக்கல் அண்ணா?

பதில்: தடை எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது தம்பி, நிலத்தடி நீர் நிற்பதில்லை. கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே தேசிய வனத்தில் இருக்கிறது பின்யன் ப்ளெய்ன் சுரங்கம். அங்குள்ள ஹவசுபாய் பழங்குடி மக்கள் தங்கள் ஊற்றுநீர் கெட்டுவிடும் என்று பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள். 2012-இல் அந்த வட்டாரத்தில் புதிய உரிமைகோரல்களுக்கு 20 ஆண்டுத் தடை வந்தது; 2023-இல் தேசிய நினைவுச்சின்னமாகவும், அதாவது அதிபர் ஆணையால் பாதுகாக்கப்படும் நிலமாகவும், அறிவித்தார்கள். ஆனால் பழைய உரிமைகளுக்கு இரண்டிலும் விலக்கு. அந்த வழியாகத்தான் இச்சுரங்கம் இயங்குகிறது. 2024 ஜூலையில் தாது லாரிகள் நவஹோ நிலத்தின் ஊடாகவே ஓடின. நவஹோ தலைவர் பூ நைக்ரன் எதிர்த்து நிறுத்தினார். 2025 ஜனவரியில், நிபந்தனைகளோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தங்கள் நீரையும் சாலையையும் தொடும் சுரங்கத்துக்கு அந்த மக்களின் சம்மதத்தைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. வெறும் ‘கலந்தாலோசனை’ போதாது.

கேள்வி: நினைவுச்சின்ன அறிவிப்பு நிலைக்குமா?

பதில்: உறுதியில்லை. யூட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் பகுதியை நினைவுச்சின்னமாக ஒபாமா 2016-இல் அறிவித்தார், டிரம்ப் 2017-இல் சுமார் 85 சதவீதம் குறைத்தார், பைடன் 2021-இல் மீட்டார். 2025-இல் டிரம்ப் அரசு யூட்டாவின் வெல்வெட்-வுட் யுரேனியச் சுரங்கத்துக்கு 14 நாள் ஆய்வுக் கெடு வைத்து அனுமதி கொடுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் பிடிமானம்.

கேள்வி: பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு இழப்பீடு?

பதில்: 1990-இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் 2024 ஜூனில் காலாவதியாகி, 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. தகுதியுள்ளவருக்கு 1,00,000 டாலர். 1971 வரை வேலை பார்த்தவர்களுக்கே முன்பு கிடைத்தது, இப்போது 1990 வரை நீட்டியிருக்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம்.